மண் சுமந்தோம், கல் சுமந்தோம்... மேற்பார்வையாளர் நாற்காலி யாருக்கு?



சில மாதங்களுக்கு முன் பாடாங் தெம்பாக் அடுக்குமாடியிலிருந்து ஒரு தகப்பனார் என் அலுவலகத்துக்கு வந்தார். லாரி ஓட்டுநர். கூடவே மகன், வயது 23. மேசைமேல் ஒரு ஃபைலை வைத்தார். உள்ளே பளபளவென்று ஒரு டிப்ளோமா. கட்டுமான நிர்வாகமாம்.

"சார், இந்தப் பேப்பர் அரசாங்க வேலைக்குச் செல்லாதுங்கிறாங்க. கம்பெனியிலும் வேண்டாங்கிறாங்க. இவன் இப்ப சைட்டில சிமெண்டு தூக்குறான். ஒன்றரை வருசம் படிச்சது எதுக்கு சார்?"

வாங்கிப் பார்த்தேன். 'டிப்ளோமா' என்ற சொல் பெரிய எழுத்தில். அதற்கு முன்னால் 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொல் சின்ன எழுத்தில். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் தேடினோம். அந்தப் படிப்பு அதில் இல்லை. கட்டணத்துக்காக அந்தத் தாயார் தாலியைத் தவிர மற்ற நகையையெல்லாம் பஜாக் கடையில் வைத்திருந்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. வழி காட்ட ஆள் இல்லாத வீட்டில் பிறந்தான், அவ்வளவுதான்.

அவர்கள் குடியிருக்கும் பாடாங் தெம்பாக் அடுக்குமாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டியது. இந்த நாட்டில் அந்த முறையில் முதன்முதலாக எழும்பிய கட்டடங்களில் ஒன்று. நம் ஏழைக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒரு பொறியியல் பாடத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்தைப் படிக்கும் வகுப்பறைக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

வேர்வைக்கு வரலாறு உண்டு

பினாங்குத் தீவில் வெள்ளைக்காரன் காலூன்றிய சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மதராஸ் மாகாணத்து ஆட்களும் உண்டு. சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். ஜோர்ஜ் டவுன் ஃபார்குவார் சாலையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் 1818-இல் முடிந்தது. அதைக் கட்டியது கைதிகளின் உழைப்பு. சுற்றுப்பயணிகள் இன்று அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல் சுமந்தவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் நம் பாட்டன்மார் தண்டவாளம் பார்த்தார்கள், தார் ஊற்றினார்கள், கால்வாய் வெட்டினார்கள். 1942, 43-இல் ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

பொதுப்பணி இலாகா 1872-லிருந்து இருக்கிறது. அதற்கும் ரயில்வேக்கும் நில அளவைக்கும் உதவியாளர்கள் தேவைப்பட்டதால்தான் 1904-இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்ப வகுப்பு தொடங்கியது. அது வளர்ந்து வளர்ந்து இன்றைய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அன்றைக்கு ஓவர்சியர், டிராஃப்ட்ஸ்மேன், சர்வேயர், டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் வேலைகளில் தமிழர்களும் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களில் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு தாத்தா நிற்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாத்தாவின் பேரன் இன்று எங்கே? ஒன்று லாரி ஓட்டுகிறான். இல்லை, பாதுகாவலர் உடுப்பில் நிற்கிறான். படித்த பேரன் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். இடைப்பட்ட அந்த நாற்காலி நம் கையை விட்டு எப்படிப் போனது?

நடுப்படி என்றால் என்ன?

கட்டுமானத் துறையை மூன்று படியாகப் பாருங்கள். கீழ்ப்படியில் கல், மண், சிமெண்டு சுமப்பவர்கள். இன்று பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியரும் மியன்மார்க்காரரும். மேல்படியில் பட்டம் பெற்றுப் பதிவு செய்த பொறியாளர். இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. கட்டடம் உண்மையில் நிற்பதும் விழுவதும் அந்தப் படியில்தான்.

ஒரு கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது. அதில் தண்ணீர் அதிகமா, சரியா? 300 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இரும்புக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கிவிட்டு, குவியல் எவ்வளவு சரிகிறது என்று அளந்து பார்க்கிறவர் டெக்னீஷியன். சரியில்லை என்றால் லாரி திரும்பிப் போக வேண்டும். அதே கான்கிரீட்டில் 150 மில்லிமீட்டர் கட்டிகள் வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் நசுக்கிப் பலம் பார்ப்பவரும் அவரே. அடுக்குமாடி எழும்புமுன் மண்ணைத் துளைத்து, 63.5 கிலோ சம்மட்டியை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்தான் அடித்தளம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு ஆதாரம். கருவியை வைத்து மட்டம் பார்ப்பவர், வரைபடம் போடுபவர், கம்பி சரியான இடைவெளியில் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் வேலைக் கண்காணிப்பாளர், பாதுகாப்பு மேற்பார்வையாளர்... எல்லாரும் நடுப்படிக்காரர்கள். இதற்குத்தான் சிவில் பொறியியல் தொழில்நுட்பம் என்று பெயர்.

"அதுவும் வெயில்ல நிக்கிற வேலைதானே? நாங்க காஞ்சது போதும், பிள்ளையாவது ஏர்கோன் அறையில உட்காரட்டும்." இப்படிச் சொல்லும் தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெயில் ஒன்றுதான். அதில் சுமக்கிறவன் வேறு, "நிறுத்து, இந்தச் சுவர் சரியில்லை" என்று சொல்லும் அதிகாரம் உள்ளவன் வேறு.

2017 அக்டோபர் 21. தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மலைச்சரிவு சரிந்து 11 தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். பத்துப் பேர் பிழைக்க வந்த அந்நியத் தொழிலாளர்கள். ஒருவர் மலேசியர், தளத்து மேற்பார்வையாளர். ஆகவே நடுப்படிக்குப் போனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்வது வேறு. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிப்போகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் ஆபத்தை ஆபத்து என்று கண்டுகொள்ளப் படிப்பு வேண்டும். மண் பேசும் மொழி தெரிந்தவன் தளத்தில் நின்றால் அவன் உயிரும் பிழைக்கும், அவன்கீழ் வேலை செய்யும் ஏழைகளின் உயிரும் பிழைக்கும். அந்த அந்நியத் தொழிலாளி யார்? நூறு வருசத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன்தான் அவன்.

இந்த நடுப்படிக்கு இன்று சட்ட அங்கீகாரமும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் 768-ஆம் சட்டம் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தை ஏற்படுத்தியது. பட்டம் உள்ளவர் அனுபவத்தோடு டெக்னாலஜிஸ்டாகவும், டிப்ளோமாவோ திறன் சான்றிதழோ உள்ளவர் டெக்னீஷியனாகவும் அதில் பதிந்து, பெயருக்கு முன்னால் அந்த அடையாளத்தைப் போட்டுக்கொள்ளலாம். 2018-இல் மலேசியா சிட்னி உடன்படிக்கையிலும் டப்ளின் உடன்படிக்கையிலும் இணைந்தது. அதாவது முறையாக அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்தையும் டிப்ளோமாவையும் மற்ற உறுப்பு நாடுகளும் மதிக்கும். இது இரண்டாம் தர மாணவர்களைத் தள்ளிவிடும் மூலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூட்டிய கதவுகள்

சரி, படிக்க எங்கே போவது?

செபராங் பிறையில் பெர்மாத்தாங் பாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. சிவில் பொறியியல் டிப்ளோமா அங்கே உண்டு. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கும் நம் பிள்ளை மோட்டார்சைக்கிளிலேயே போய்ப் படித்துவிட்டு வரலாம். ஆனால் போக முடியாது. அது பூமிபுத்ராக்களுக்கு மட்டும். நாட்டிலேயே அதிக மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகம், மக்கள் வரிப்பணத்தில் நடப்பது, லாரி ஓட்டும் அந்தத் தகப்பனாரும் ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் வரி கட்டுகிறார். அவர் மகனுக்கு மட்டும் வாசல் அடைப்பு!

2008 ஆகஸ்டில் சிலாங்கூர் மந்திரி பெசாராக இருந்த காலிட் இப்ராஹிம் 10 விழுக்காட்டு இடத்தை மற்ற இனத்தாருக்குத் திறக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 2024 மே மாதத்தில் இருதய அறுவை நிபுணர் பயிற்சியில் மட்டும் பிறருக்கு இடம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. உடனே கறுப்புச் சட்டைப் போராட்டம். உயிர் காக்கும் இருதய மருத்துவருக்கே இந்தக் கதி என்றால் கான்கிரீட் பரிசோதிக்கும் டெக்னீஷியனுக்கு யார் பேசப்போகிறார்கள்?

1966-இல் அமைக்கப்பட்ட மாராவின் கீழ் உள்ள திறன் பயிற்சிக் கழகங்களும் அப்படியே. நமக்குக் கதவு இல்லை, சன்னல்தான். மெட்ரிகுலேஷனில் 90-க்கு 10 என்ற கணக்கு. 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள், ஆனால் 90-க்கு 10 மாறவில்லை. 2024-இல் எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பாடாங் தெம்பாக் பிள்ளை 10 ஏ எடுக்கவில்லை. அவன் கணிதத்தில் கிரெடிட் எடுத்தான். கிரெடிட் எடுத்த தொழிலாளி மகனுக்கு என்ன வழி? அவனைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஒரு வழக்கறிஞனாகச் சட்டத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆவது விதியை நாம் எதிர்க்கவில்லை. மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினர் சிறப்பு நிலையை அது காக்கிறது. அதே விதியின் முதல் உட்பிரிவு மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு மீதியை மறைப்பது ஏன்? பயிற்சிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் அது ஒதுக்கச் சொல்வது நியாயமான ஒரு விகிதத்தை. 1971-இல் சேர்த்த 8ஏ உட்பிரிவும் உயர்கல்வி இடங்களில் நியாயமான விகிதம் என்றே பேசுகிறது. விகிதம் என்றால் பங்கு. பங்கு என்றால் ஒருவருக்கு மேல் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். முழுப்பானையையும் ஒருவர் பக்கம் நகர்த்திவிட்டு அதற்குப் பங்கு என்று பெயர் வைக்க முடியுமா? 12-ஆவது விதி அரசுக் கல்விக்கூடத்தில் இனத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. நாம் கேட்பது ஒரு மலாய்க்கார ஏழைப் பிள்ளையின் இடத்தை அல்ல. அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி.

மண்டோர் அரசியலும் ஒருநாள் பயிற்சியும்

மேலே இருப்பவன் அடைக்கிறான் என்றால், நம் பெயரைச் சொல்லிப் பதவி வாங்கிய மண்டோர்கள் என்ன செய்தார்கள்? ஐம்பது ஆண்டுக்கு மேல் "பேசிக்கொண்டிருக்கிறோம், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் தெருவில் நம் மக்கள் கண்ணீர்ப்புகைக்கும் இரசாயனத் தண்ணீருக்கும் நடுவே நின்றது அந்தப் பேச்சு அலுத்துப்போனதால்தான்.

அதற்குப் பிறகு திட்டங்கள் வந்தன. 2017 ஏப்ரல் 23-இல் அப்போதைய பிரதமர் நஜிப் இந்தியர்களுக்கான செயல்திட்டத்தை வெளியிட்டார். பொதுச் சேவையிலும் உயர்கல்விச் சேர்க்கையிலும் 7 விழுக்காடு என்றார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, புத்தகம் அலமாரிக்குப் போனது. 2018-இல் மித்ரா வந்தது. ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு. 2021-இல் அதன் பணம் போன வழியைப் பற்றி ஊழல் தடுப்பு ஆணையம் பலரைக் கைது செய்து விசாரிக்கும் நிலை வந்தது!

பயிற்சி என்ற பெயரில் நம் இளைஞர்களுக்குக் கிடைத்தது என்ன? கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு. ஒரு டீசட்டை, ஒரு பொட்டலம் சோறு, 'கலந்துகொண்டார்' என்று ஒரு சான்றிதழ், பிரமுகரோடு ஒரு படம். அந்தத் தாளை எந்தக் குத்தகையாளரும் வாங்கிப் பார்க்க மாட்டார். திறன் சான்றிதழ் என்றால் அது 2006-ஆம் ஆண்டின் 652-ஆம் சட்டத்தின்கீழ் திறன் மேம்பாட்டு இலாகா கொடுக்கும் எஸ்.கே.எம். மட்டுமே. மூன்று நிலை சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இந்த ஏணியில் ஒரு படிகூட ஏற்றாத பயிற்சிக்கு நம் சமூகத்தின் பெயரில் ஒரு காசுகூடச் செலவாகக் கூடாது.

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு டெக்னீஷியன் தேவைப்பட்டது. 1989-இல் அரசும் தொழிற்சாலைகளும் கைகோத்துப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். முதலாளிக்குத் தேவை என்றால் பள்ளிக்கூடம் தானாக எழும்புகிறது. தொழிலாளியின் பிள்ளைக்குத் தேவை என்றால் மட்டும் செயற்குழு, துணைச் செயற்குழு, ஆய்வறிக்கை!

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பூட்டு

அரசைத் திட்டிவிட்டு முடித்துக்கொண்டால் நான் நேர்மையானவன் அல்ல. நம் சமூகத்துக்கு இரண்டே கனவுகள்: டாக்டர், லாயர். லாயராக இருந்துகொண்டு நானே இதைச் சொல்கிறேன். சீனர்கள் 1969-இல் துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியைத் தொடங்கிக் கணக்கரையும் டெக்னீஷியனையும் ஆயிரக்கணக்கில் உருவாக்கினார்கள். தஞ்சோங் பூங்காவிலேயே அதன் கிளை உண்டு. நாம் 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் கட்டினோம். எல்லாருக்கும் நினைவில் நிற்பது அதன் மருத்துவப் படிப்பு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மருத்துவருக்கு விளம்பரத்தில் வாழ்த்துச் சொல்லும் நாம், சைட் சூப்பர்வைசராகிய பிள்ளைக்கு ஒரு வாழ்த்தாவது சொன்னோமா?

பூட்டாத கதவுகளும் இருக்கின்றன. அவற்றைத் தட்டாமல் இருப்பது நம் குற்றம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, போலிடெக்னிக். எல்லா இனத்துக்கும் திறந்தது, கட்டணம் குறைவு. 1969-இல் தொடங்கிய ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கிலும், கெடா ஜித்ராவில் உள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் போலிடெக்னிக்கிலும் சிவில் பொறியியல் டிப்ளோமா உண்டு. மலாய், வரலாறு தேர்ச்சி, கணிதம் உட்பட மூன்று பாடங்களில் கிரெடிட் என்பது பொதுவான தகுதி. யு.பி.யு. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு வருசம் போச்சு.

இரண்டு, டிப்ளோமாவோடு நிற்க வேண்டியதில்லை. ஜோகூரில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திலும் பெர்லிஸில் மலேசியா பெர்லிஸ் பல்கலைக்கழகத்திலும் சிவில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் படிக்கலாம். நிபோங் திபாலில் 2001 முதல் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது, சிவில் பொறியியலுக்குத் தனிப் பள்ளியே உண்டு. ஒரு காலத்தில் நம்மவர் கரும்பும் ரப்பரும் வெட்டிய வட்டாரம் அது. அந்த வேலிக்கு அப்பால் நம் பிள்ளைகள் போக வேண்டும்.

மூன்று, படிவம் 3 முடித்த பிள்ளைக்கு வாழ்வியல் தொழிற்கல்லூரி. கட்டுமானத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கல்லூரி எது என்று பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்கு, இது பெரியவர்களுக்கு. இருபது வருசம் செங்கல் கட்டிய அண்ணன்மாரே, உங்கள் அனுபவத்துக்கே எஸ்.கே.எம். சான்றிதழ் வாங்கலாம். முன் அனுபவ அங்கீகாரம் என்று ஒரு முறை திறன் மேம்பாட்டு இலாகாவில் உண்டு. வேலை செய்த ஆதாரங்களைத் திரட்டிக் காட்டி மதிப்பீட்டில் தேற வேண்டும். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

ஐந்து, தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்

2009-இல் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது நம் மக்கள் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றார்கள். மாடு கட்டிய நிலத்தில் அடுக்குமாடி எழும்பியது. மேம்பாடு என்றாலே நம் மேல் ஏறிப்போகும் புல்டோசர் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அடுத்த தலைமுறைக்கும் அதே பாடமா?

2025 ஜனவரி 11-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பினாங்கு எல்.ஆர்.டி. முத்தியாரா தடத்தைத் தொடங்கி வைத்தார். 29.5 கிலோமீட்டர். தெற்கே கடலைத் தூர்த்து உருவாகும் சிலிக்கான் தீவிலிருந்து கொம்தார் வழியாகக் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை. முடிய 2031 ஆகும் என்கிறார்கள். படிவம் 3-இல் இருக்கும் பிள்ளை இன்று தொடங்கினால் அந்தத் தடம் முடியுமுன் டிப்ளோமாவோடு அதே தளத்தில் நிற்க முடியும். 1985-இல் 13.5 கிலோமீட்டர் முதல் பாலம் திறந்தார்கள், 2014-இல் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். இரண்டையும் நாம் பஸ்ஸில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக் கடந்தோம். மூன்றாவது முறையும் வேடிக்கையா?

ஆகவே கூட்டரசையும் பினாங்கு மாநில அரசையும் கேட்கிறோம்:

1. போலிடெக்னிக், தொழிற்கல்லூரி, திறன் பயிற்சி நிலையங்களில் விண்ணப்பித்தவர் எத்தனை, இடம் பெற்றவர் எத்தனை என்று இனவாரியாக, பாடவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். "உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்கிறீர்களே, எண்ணைக் காட்டுங்கள். விண்ணப்பிக்கவில்லை என்று தெரிந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

2. மாரா பல்கலைக்கழகத்திலும் மாரா பயிற்சிக் கழகங்களிலும் தொழில்நுட்ப டிப்ளோமாக்களில் ஒரு நியாயமான பங்கை எல்லா இன ஏழைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள்.

3. எல்.ஆர்.டி., கடல் தூர்ப்புக் குத்தகைகளில் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சித் தொழிலாளர்களாக எடுக்க வேண்டும் என்று எழுத்தில் சேருங்கள். எத்தனை பேர், எந்தச் சான்றிதழ் என்று ஆண்டுக்கு ஒருமுறை மக்களுக்குச் சொல்லுங்கள்.

4. மித்ரா பணம் எஸ்.கே.எம்.முக்கும் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளோமாவுக்கும் மட்டும் போகட்டும். பயிற்சி கொடுத்தவருக்குப் பிள்ளை வேலையில் சேர்ந்த பிறகே முழுப்பணம்.

இவை பிச்சை அல்ல. அரசியலமைப்பு தந்த உரிமை.

அந்தப் பாடாங் தெம்பாக் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். கட்டணத்தைத் திரும்பக் கேட்டு நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். அவன் இன்னும் தளத்தில்தான் இருக்கிறான். ஆனால் இப்போது தான் செய்யும் வேலையை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதுகிறான், கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறான், முன் அனுபவ அங்கீகாரத்துக்காக. "லாரி வந்தா அந்தக் கூம்பு டெஸ்ட் செய்றப்ப பக்கத்தில போய் நிக்கிறேன் சார்" என்றான். போன வாரம் சூப்பர்வைசர் அவனையே கூம்பைத் தூக்கச் சொன்னாராம்.

தன் முயற்சியில் அவன் அவ்வளவு தூரம் வந்துவிட்டான். மீதித் தூரத்துக்கு நாம் குரல் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கோயிலிலும் உணவுக்கடையிலும் ஒட்டுங்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை உங்கள் மாடியில் இருந்தால் இன்றைக்கே கதவைத் தட்டுங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!